சும்மா தைக்கிறேன்

நல்லூரில் ஒருத்தி வீட்டுக்குள் உட்கார்ந்து தையல் மெஷின் ஓட்டினால் தெருவுக்கு இரண்டே கேள்விகள்தான். எந்தக் கம்பெனிக்கு? பீஸுக்கு எவ்வளவு? நான் மாடி அறையில் தைக்கிற சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா கேட்டதும் இதைத்தான். "சும்மாதானுங்க்கா தைக்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. ரேட்டைச் சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "செரி கண்ணு, சொல்றப்ப சொல்லு" என்று போய்விட்டார்.

மறுபக்கம் என் ஆபீஸ். வீடியோ மீட்டிங்கில் எனக்குப் பின்னால் தொங்கிய ஒட்டுத்துணிப் போர்வையைப் பார்த்துவிட்டு டீமில் ஒருவர் சொன்னார்: "செம்மயா இருக்கு. இன்ஸ்டாவுல போட்டு வித்தா நாலாயிரத்துக்குப் போகும்." அதற்கும் நான் "சும்மா தைச்சது" என்றுதான் சொன்னேன். "அதான், ஹாபிய மானிட்டைஸ் பண்ணணும்" என்றார்.

ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் அக்காவும், பெங்களூரிலிருந்து ஸ்டாண்டப் மீட்டிங் நடத்துகிறவரும் வாழ்க்கையில் வேறு எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். இதில் ஒத்துப்போகிறார்கள். விற்காத தையல் என்று ஒன்று இருக்க முடியாது. இந்தக் கட்டுரை அந்தச் 'சும்மா'வுக்காகச் சண்டை போடத்தான்.

முதலில் என்ன தைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மூன்று உருப்படிகள். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்த நைட்டி ஒன்று. (நைட்டியில் பாக்கெட் வைக்கக் கூடாது என்று எவன் முடிவு செய்தான் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) லேப்டாப்புக்கு ஓர் உறை, அது சுமார்தான், ஜிப் வைத்த இடத்தில் கோணிக்கொண்டது. மூன்றாவதுதான் பெரியது. முழுக்க பனியன் கட்டிங் வேஸ்ட்டிலேயே தைத்த, ஒற்றைக் கட்டிலுக்கான குவில்ட்.

குவில்ட் தைப்பவர்கள் பனியன் துணியைத் தொட மாட்டார்கள். நெய்த பருத்தித் துணிதான் வேண்டும் என்பார்கள். காரணம் இருக்கிறது. பின்னலாடைத் துணி இழுத்த பக்கம் வரும். சிங்கிள் ஜெர்சியை வெட்டி வைத்தால் ஓரம் சுருண்டுகொள்ளும். நேர்கோட்டில் தைத்தாலும் அலை அலையாக நிற்கும். நான் இரண்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். சுருளாத இன்டர்லாக் துணியை மட்டும் பொறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் மெல்லிய ஃபியூசிங்கை இஸ்திரி போட்டு ஒட்டி, பதினொன்றாம் நம்பர் பால் பாயிண்ட் ஊசி மாட்டியபோதுதான் வழிக்கு வந்தது. சாதாரண ஊசி பின்னலின் இழையை அறுத்துவிடும், பால் பாயிண்ட் ஊசி இழையை விலக்கிக்கொண்டு போகும். அடிப்பக்கத்துக்கு அம்மாவின் பழைய காட்டன் சேலை. நடுவில் பஞ்சுக்குப் பதிலாக நைந்துபோன ஒரு போர்வை.

துணி வாங்கியது காங்கயம் ரோட்டுப் பக்கம் ஒரு வேஸ்ட் குடோனில், கிலோ கணக்கில். கம்பெனியில் மார்க்கர் எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் துணியில் ஒரு பகுதி மேசையிலேயே தங்கிவிடும். கழுத்து வெட்டியெடுத்த அரைவட்டங்கள், கைக்குழிக்கும் கைக்கும் நடுவில் விழும் பிறைகள், ஓரத்து நீளப் பட்டைகள். குடோனில் இவற்றை நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். வெள்ளைக்கு விலை அதிகம். நல்ல வேஸ்ட் கிழிபட்டு மறுபடி பஞ்சாகி ஓ.இ. மில்லுக்கு நூலாகப் போகும். மிச்சம் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போகும். "மெஷின் தொடைக்கவாங்க?" என்று கேட்ட அண்ணனிடம் "போர்வை தைக்க" என்றேன். எனக்காகச் சேர்த்து வைத்தது போல, ஒரே பச்சையில் ஏழெட்டு சாயல்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். எந்த நாட்டு டீஷர்ட்டின் மிச்சமோ.

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அம்மா இருபத்திரண்டு வருஷம் ஓவர்லாக் டைலர். பிசிர் வெட்டும் வேலையில் சேர்ந்து, கைமடித்து, அப்புறம் மெஷினில் உட்கார்ந்தார். மழைக்காலத்தில் வலது தோள்பட்டை இப்போதும் அவரைத் தூங்க விடாது. நான் மெஷின் வாங்கிக்கொண்டு வந்த அன்று அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நீ மெஷின்ல உக்காரக் கூடாதுன்னுதானே அம்மிணி நான் உக்காந்தேன்."

தையலைப் பொழுதுபோக்காகக் கொள்வதற்கு எதிராக நான் கேட்டதிலேயே பதில் சொல்லத் தகுதியான ஒரே வாதம் இதுதான். மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

"குவில்ட்டெல்லாம் வெள்ளைக்காரச் சமாச்சாரம்" என்பார்கள். கர்நாடகத்தின் கௌதி, மகாராஷ்டிரத்தின் கோதடி, வங்காளத்தின் காந்தா எல்லாமே பழந்துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டவைதான். காந்தாவும் நம் கந்தையும் அருகருகே நிற்கும் சொற்கள். தஞ்சாவூர்ப் பக்கம் தேரில் தொங்கும் தொம்பைகளில் இருப்பது, வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிற வேலை. பிறந்த குழந்தையைப் பழைய சேலையை மடித்துத் தைத்த விரிப்பில் போடாத வீடு எங்கள் தெருவில் இல்லை. இதற்கு மேல் இந்த வாதத்துக்கு மரியாதை தேவையில்லை.

அடுத்தது எரிச்சலூட்டும் கூட்டம். 'ஸ்லோ ஸ்டிச்சிங்' பட்டறைகள் நடத்துகிறவர்கள். ஒரு சனிக்கிழமை நானும் பணம் கட்டிப் போய் உட்கார்ந்திருக்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஆளுக்கொரு பொட்டலம் தந்தார்கள். உள்ளே ரிப்பன் கட்டிய சதுரத் துண்டுகள். புதுத் துணியை வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டுவதற்காக விற்கிறார்கள்! கந்தையைக் கடையில் விற்கும் இந்தத் தொழில் நுட்பத்தைக் கண்டு காதர்பேட்டையே அசந்துபோகும். நடத்தியவர் மென்மையான குரலில், தையல் கோணினால் கவலைப்பட வேண்டாம், குறையைக் கொண்டாடுங்கள் என்றார். திருப்பூரில் குறைக்குப் பெயர் டேமேஜ். செக்கிங்கில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். பீஸ் ரேட்டில் இருப்பவள் அதைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. குறையைக் கொண்டாட ஒருத்திக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. ஏழெட்டு மணி நேரம் நின்று துணி அடுக்கியவள் தையலில் மன அமைதி தேட மாட்டாள். படுக்கத்தான் போவாள்.

ஆனால் அவர்களைக் கிண்டல் செய்வது எளிது, அம்மாவுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், இத்தனை வருஷத்தில் எத்தனை டீஷர்ட் தைத்திருப்பாய் என்று. "ஒண்ணுகூட இல்ல" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு சாதாரண வட்டக்கழுத்து டீஷர்ட்டுக்கு எட்டு பத்து ஆபரேஷன். ஒருவர் தோள் சேர்ப்பார். ஒருவர் கழுத்து ரிப்பை வளையமாக்குவார், இன்னொருவர் அதை ஏற்றுவார். கை மடிப்புக்கு பேட்லாக், கை ஏற்ற ஓவர்லாக், பக்கம் அடிக்க ஓவர்லாக், அடி மடிக்க மறுபடி பேட்லாக், லேபிளுக்குச் சிங்கர். அம்மா பக்கம் அடிப்பவர். லட்சக்கணக்கான பக்கங்கள். முழுச்சட்டையை அவர் மடித்துப் பெட்டியில் போகும்போதுதான் பார்த்தார், அதுவும் தூரத்திலிருந்து.

இதில் நான் உயர்ந்த இடத்தில் நின்று பேசவில்லை. நான் எழுதும் நிரல் ஒரு பெரிய காப்பீட்டு மென்பொருளின் எங்கோ ஒரு மூலையில் ஒரு படிவத்தைச் சரிபார்க்கிறது. எனக்கு டிக்கெட் வரும், முடிப்பேன், அடுத்தது வரும். ஏழு வருஷமாகப் பக்கம்தான் அடிக்கிறேன். குளிர்சாதன அறையில், நல்ல சம்பளத்துக்கு. முழுசாக ஒன்றைத் தொடங்கி முடிக்கும் ஆசையில்தான் மெஷின் வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கே கொஞ்ச நாள் ஆயிற்று.

இங்கேதான் அமெரிக்காவில் ஓர் ஊரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்க் கதைக்கு இவ்வளவு நெருக்கமான கதை எனக்கு வேறெங்கும் அகப்படவில்லை. அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று பக்கம் சுற்றிக்கொள்ளும் ஒரு வளைவில் இருக்கிறது ஜீஸ் பெண்ட். பருத்திக் காட்டு அடிமைகளின் வாரிசுகள் வாழும் ஊர். பலருக்குக் குடும்பப் பெயரே பழைய முதலாளியின் பெயரான பெட்வே. அங்கே பெண்கள் குளிருக்காகக் கந்தலில் போர்வை தைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலைத்துணிகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்திக்கொள்ள. முட்டி தேய்ந்த இடத்தில் சாயம் போன நீலம் அப்படியே இருக்கும். 1966-இல், சிவில் உரிமைப் போராட்ட காலத்தில், அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. ஆர்டர் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அளவு ஒன்றாக இருக்க வேண்டும், நிறம் ஒன்றாக இருக்க வேண்டும், பத்தாவது பீஸ் முதல் பீஸ் போலவே இருக்க வேண்டும். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. உறைகள் சியர்ஸுக்குப் போயின. வெட்டிய மிச்சம், அதாவது கட்டிங் வேஸ்ட், வீடுகளுக்குப் போனது. வெண்ணெய் மஞ்சளும் துரு நிறமும் பாசிப்பச்சையுமான அந்தக் கார்டுராய்ப் பட்டைகளில் ராத்திரி தங்களுக்காகத் தைத்த போர்வைகள், வேறு போர்வைகளோடு சேர்ந்து, 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் சுவர்களில் தொங்கின. நவீன ஓவியங்களுக்கு இணையாக வைத்து விமர்சகர்கள் எழுதினார்கள்.

அதே கை, அதே துணி, அதே வருஷம். பகலில் தைத்த தலையணை உறைகளை இன்று யாரும் தேடுவதில்லை. ராத்திரி தைத்ததை அருங்காட்சியகங்கள் வைத்திருக்கின்றன. நடுவில் மாறியது ஒன்றே ஒன்று: அடுத்த பட்டை என்ன நிறம் என்று முடிவு செய்தவர் யார் என்பது. (பின்னாளில் அந்தப் போர்வைகளின் புகழிலும் வருமானத்திலும் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று சில பெண்கள் 2007-இல் வழக்குத் தொடுத்தார்கள். கலை என்று ஏற்றுக்கொண்டவுடன் கணக்கு நேராகிவிடாது.)

நான் தைத்த அமைப்பு, நடுவில் ஒரு சதுரம் வைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் சேர்த்துக்கொண்டே போவது. ஜீஸ் பெண்டில் அதை 'ஹவுஸ்டாப்' என்பார்கள். அவர்கள் ஒழுங்கை எங்கே உடைப்பார்கள் என்று படங்களை வைத்துக்கொண்டு பல ராத்திரி பார்த்தேன். என்னுடையது அவ்வளவு நன்றாக வரவில்லை. மூன்றாவது சதுரத்தில் பயந்துபோய் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டேன்.

இப்போது கேள்வி. திருப்பூரில் மெஷினில் கை பழகியவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். உலகின் மிக நல்ல பின்னல் துணியின் மிச்சம் கிலோ கணக்கில் கிடைக்கிறது. நாற்பது வருஷ ஏற்றுமதி அனுபவம் இருக்கிறது. ஏன் இந்த ஊரில் ஒரு ஜீஸ் பெண்ட் இல்லை? நம் பெண்களுக்குக் கற்பனை இல்லை, கலை ஆர்வம் இல்லை, டிவி சீரியல் பார்க்கிறார்கள் என்று பேசுகிற இலக்கிய நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் ஒரு கேள்விதான் கேட்பேன். காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிறவள் எப்போது தைப்பாள்?

சட்டப்படி வாரம் 48 மணி நேரம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது அது. எங்கள் தெருவின் கணக்கு ஒன்றரை ஷிப்ட். எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் ஓடாது என்பதால் மீதி நாலு மணி நேரத்தை 'விருப்பப்பட்டு' பார்ப்பார்கள். 2023 ஏப்ரலில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு சித்தி, "இது புதுசா வருதா? அப்ப இத்தன நாளு நாங்க பாத்தது என்ன?" என்றார். 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேரம் என்ற கோரிக்கைக்குப் பின்னால் இருந்த கணக்கில் வேலைக்கு எட்டு, உறக்கத்துக்கு எட்டு, மூன்றாவது எட்டு அவரவர் இஷ்டத்துக்கு. அந்த மூன்றாவது எட்டுதான் நான் சொல்லும் 'சும்மா'. பெண்களுக்கு அதிலும் சமையலும் துணி துவைப்பதும் போய்விடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நேரம் இல்லாதவளைப் பார்த்து ரசனை இல்லாதவள் என்பது அயோக்கியத்தனம்.

நம் சமூகத்துக்குத் தையல் என்றால் கஷ்டத்தின் அடையாளம் மட்டும்தான் தெரியும். தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி, வறுமையில் இருப்பவர் என்று பயனாளிகளின் பட்டியல். நல்ல திட்டம், பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலே நம் மனதில் பதிந்துவிட்டது. பெண் தைத்தால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா பிறகு அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார், பாப்பாவுக்கு ஐ.டி. வேலை போயிருச்சா என்று.

காந்தி 1924-இல் இயந்திரங்களைப் பற்றிய ஓர் உரையாடலில் விதிவிலக்குக் கொடுத்தது சிங்கர் மெஷினுக்கு. மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். ஐசக் சிங்கரோ பல குடும்பங்களும் இருபத்துநான்கு பிள்ளைகளும் வைத்திருந்த முன்னாள் நாடக நடிகர். அவர் அன்பைப் பற்றிப் பல பேர் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் காந்தி கண்ட ஒன்று சரி. அந்த மெஷின் தைப்பவளுக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தர வேண்டும். அதே வருஷம் காங்கிரஸ் உறுப்பினர்கள் மாதம் 2,000 கஜம் நூற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. விற்பதற்காக இல்லை. வக்கீல்களும் வாத்தியார்களும் உட்கார்ந்து நூற்றார்கள். காதி இயக்கத்தின் தமிழக மையமாக இருந்தது இதே திருப்பூர். அன்று அதை ஹாபி என்று யாரும் சிரிக்கவில்லை, சைடு பிசினஸ் ஆக்கச் சொல்லவுமில்லை. நூறு வருஷத்தில் மெஷின் மிச்சப்படுத்திய நேரம் முழுக்க ஷிப்மெண்ட் தேதிக்குப் போய்விட்டது. சிங்கர் என்பது இந்த ஊரில் ஓர் ஆபரேஷனின் பெயராக மிஞ்சியிருக்கிறது.

ஆக, அம்மாவுக்கு என் பதில். நீ என்னைக் காப்பாற்றியது மெஷினிடமிருந்து என்று நினைக்கிறாய். நீ காப்பாற்றியது பன்னிரண்டு மணி நேரத்திடமிருந்து, மேஸ்திரியின் குரலிடமிருந்து, முழுச்சட்டையைப் பார்க்காத வாழ்க்கையிடமிருந்து. மெஷின் பாவம். என்னுடைய 'சும்மா' உன் ஒன்றரை ஷிப்டுகளில் வாங்கியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதை விற்க மாட்டேன் என்கிறேன். நாலாயிரத்துக்கு விற்றால் பத்து ஆர்டர் வரும். பத்தும் ஒரே மாதிரி வேண்டும் என்பார்கள். தேதி சொல்வார்கள். நான் நல்லூரில் இன்னொரு ஜாப் ஒர்க் யூனிட் ஆவேன். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று இதுவரை நான் கணக்கு வைக்கவில்லை, ஆபீஸில் ஒவ்வொரு கால் மணிக்கும் கணக்கு எழுதுகிறவள் நான்.

விற்றுப் பிழைக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பிளவுஸ் தைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவளிடம் போய்ச் 'சும்மா தை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு வேண்டியது வேறு. எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் ஓட வேண்டும். ஐந்தரைக்குக் கம்பெனி கேட்டைத் திறந்துவிட வேண்டும். அதற்கப்புறம் அவர்கள் தைக்கட்டும், தைக்காமல் போகட்டும், சீரியல் பார்க்கட்டும். பக்கம் அடித்தே பழகிய ஆயிரம் கைகளுக்கு முழுத்துணி கிடைத்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்குப் பேராசை. 'நான் சும்மா தைக்கிறேன்' என்று ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருத்தி மட்டும் சொல்ல முடிவது இந்த ஊருக்கு அவமானம்.

இதையெல்லாம் அம்மாவிடம் இப்படிச் சொல்லவில்லை. சொன்னால் "பேச்சு நல்லாத்தான் இருக்குது" என்பார். போர்வை முடிந்ததும் கட்டிலில் விரித்துக் காட்டினேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, ஓரத்திலிருந்து ஓரம் விரலால் தடவிக்கொண்டே போனார், செக்கிங் மேசையில் போவது போல. நாலு இடத்தில் நின்றார். ஒன்றில் தையல் விட்டிருந்தது, இரண்டில் டென்ஷன் சரியில்லை, ஒன்றில் பட்டை ஏற்றம் இறக்கம். நகத்தால் கீறிக் காட்டினார். பிறகு கத்திரியை எடுத்து உட்கார்ந்து எல்லாப் பிசிரையும் வெட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் தூங்கி எழுந்தபோது மாடியில் மெஷின் சத்தம். தோள்பட்டைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த பச்சைப் பட்டைகளோடு நான் ஒதுக்கி வைத்த ஆரஞ்சு நிறத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஆரஞ்சு ஆகவே ஆகாது.

"எத்தன பீஸ் தைக்கப் போற?" என்று கேட்டேன்.

"சும்மா இரு கண்ணு" என்றார். "இந்த மெஷினு என்ன இப்படி நகருது?"